வால்பாறை இறங்கிய சக்கரத்தைக் கழுவும் விதம்

பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்குச் சுமார் 64 கிலோமீட்டர். ஆழியாறு அணையைத் தாண்டியதும் மலை தொடங்குகிறது. கொண்டை ஊசி வளைவுகள் மொத்தம் 40. என் தங்கையைக் கட்டிக்கொடுத்த ஊர் அது. மாதம் இரண்டு முறையாவது போய்வருகிறேன். போகும்போது எஞ்சினுக்கு வேலை, வரும்போது பிரேக்குக்கு வேலை. திரும்பி வந்து வாசலில் நிறுத்திவிட்டுப் பார்த்தால், வெள்ளி நிறத்தில் இருக்க வேண்டிய முன்சக்கரங்கள் இரண்டும் விறகடுப்பில் வைத்த சட்டியின் அடிப்பாகம் போல இருக்கும். பின்சக்கரங்களில் சாலைப் புழுதி தவிர வேறொன்றும் இருக்காது.

இந்த வித்தியாசத்தைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. என்னுடையது சாதாரணச் சிறிய கார். முன்னால் டிஸ்க் பிரேக், பின்னால் டிரம் பிரேக். டிரம்முக்குள் தேய்கிற தூள் பெரும்பாலும் அதற்குள்ளேயே அடைபட்டுக் கிடக்கிறது. டிஸ்க் திறந்த வெளியில் சுழல்கிறது; அதிலிருந்து பறக்கும் தூளுக்குப் பக்கத்திலேயே அலுமினியக் கலவையால் ஆன அலாய் வீல் காத்திருக்கிறது. போதாக்குறைக்கு, பிரேக் மிதித்ததும் வண்டியின் பாரம் முன்னால் சாய்வதால், நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன்பிரேக்குகளின் தலையில்தான் விழுகிறது.

நான் 31 ஆண்டுகள் மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் நடத்தியவன். அப்படியிருந்தும் இந்தத் தூளைச் சாதாரண அழுக்கு என்று நினைத்து, நான்கு வருடங்கள் தேங்காய் நாரும் சோப்புத் தூளுமாகத் தேய்த்துக்கொண்டிருந்தேன். கறுப்பு போய்விடும். அதன் அடியில் ஊசி முனை அளவில் பழுப்புப் புள்ளிகள், நூற்றுக்கணக்கில், அசையாமல் நிற்கும். தேய்க்கத் தேய்க்கச் சக்கரத்தின் பளபளப்புத்தான் போயிற்று.

அந்தப் புள்ளிகள் துரு. பிரேக் டிஸ்க் வார்ப்பிரும்பு. அதை இறுக்கிப் பிடிக்கும் பேடில் பிசின், நார், கிராஃபைட், உலோகத் துகள்கள் எல்லாம் கலந்திருக்கின்றன. இரண்டும் உரசும்போது இரண்டுமே தேய்கின்றன. சூடாகப் பறந்து வரும் இரும்புத் துகள் சக்கரத்தின் கிளியர் கோட் என்னும் நிறமில்லாத மேல்பூச்சின் மேல் உட்காருகிறது. வால்பாறையில் மழைக்கும் மூடுபனிக்கும் பஞ்சமில்லை. ஈரம் பட்டதும் துகள் துருப்பிடித்து, உப்பி, உட்கார்ந்த இடத்தைக் கவ்விக்கொள்கிறது. சோப்பு எண்ணெய்ப் பிசுக்கை இழுத்துக்கொண்டு போகும். துருவிடம் அதன் பருப்பு வேகாது.

செய்யக் கூடாததை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதை நானே செய்தேன். பொறுமையிழந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, குளியலறை கழுவும் அமிலத்தை எடுத்து இடது முன்சக்கரத்தில் ஊற்றினேன். அதில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். துருவைக் கரைக்கும், சந்தேகமில்லை. அலுமினியத்தையும் கரைக்கும் என்பதை எத்தனை வகுப்புகளில் கரும்பலகையில் எழுதியிருப்பேன்! ஐந்து நிமிடங்களில் கிளியர் கோட் பால் படிந்த மாதிரி மங்கிவிட்டது. பழைய கல் அடி பட்டு உலோகம் தெரிந்த இடங்களில் நுரை பொங்கியது. அந்த மங்கல் இன்றும் இருக்கிறது. வருகிறவர்களுக்குத் தெரியாது; எனக்குத் தெரியும்.

சில வாட்டர் சர்வீஸ் கடைகளில் பெயர் ஒட்டாத கேனிலிருந்து ஏதோ ஒரு திரவத்தைத் தெளித்து ஒரே நிமிடத்தில் சக்கரத்தைப் பளிச்சென்று ஆக்கிக் காட்டுவார்கள். என்ன திரவம் என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் சக்கரத்தில் கை வைக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். இந்த வேலைக்கென்று விற்கும் கடுமையான அமிலங்களில் சிலவற்றில் ஃபுளோரைடு இருக்கும். அது தோலில் பட்டால் உடனே வலிக்காமல்கூட உள்ளே இறங்கிக் காயப்படுத்தும். காஸ்டிக் சோடாவும் இதே கதைதான். அலுமினியம் அமிலத்திலும் கரையும், காரத்திலும் கரையும். பித்தளைக் குத்துவிளக்குக்குப் போடும் புளி இங்கே எடுபடாது. இரும்பு நாரோ நிச்சயமாகக் கூடாது: கீறல் போடுவதோடு, தன் பங்குக்குப் புதிய இரும்புத் துகள்களையும் விட்டுவிட்டுப் போகும்.

எனக்குச் சரியான வழியைக் காட்டியவன் என் பழைய மாணவன். உடுமலை சாலைப் பக்கம் கார்களுக்கு மெருகேற்றும் பட்டறை வைத்திருக்கிறான். மங்கிய சக்கரத்தைப் பார்த்துவிட்டு, "சார், நீங்களா இப்படிச் செய்தீர்கள்?" என்று கேட்டான். அதற்குமேல் அவன் ஒன்றும் சொல்லாததே பெரிய மரியாதை. உள்ளே போய் ஒரு பாட்டிலை எடுத்துவந்து, வலது சக்கரத்தில் நான்கு முறை தெளித்தான். நிறமில்லாத திரவம். ஒரு நிமிடத்தில் சக்கரத்திலிருந்து கருஞ்சிவப்பும் ஊதாவுமாகக் கோடுகள் வழியத் தொடங்கின. நாவல் பழத்தைப் பிழிந்துவிட்ட மாதிரி.

அதன் பெயர் அயர்ன் ரிமூவர். கார் அலங்காரப் பொருட்கள் விற்கும் கடைகளில் கிடைக்கிறது. உள்ளே இருக்கும் முக்கியமான சரக்கு பெரும்பாலும் அமோனியம் தயோகிளைகோலேட் அல்லது அதன் சோடியம் உறவு. இரும்போடு சேர்ந்து ஊதா நிறச் சேர்மம் ஒன்றை உண்டாக்கி, அதைத் தண்ணீரில் கரையும்படி ஆக்கிவிடுகிறது. ஆய்வகத்தில் ஃபெரிக் உப்பில் பொட்டாசியம் தயோசயனேட் சேர்த்தால் இரத்தச் சிவப்பு வரும் என்று பிள்ளைகளுக்குச் செய்துகாட்டுவேன். அதற்குத் தூரத்துச் சொந்தம் என்று வைத்துக்கொள்ளலாம். அமிலமில்லாத, நடுநிலையான வகை என்று பாட்டிலில் எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். நாற்றத்துக்குத் தயாராக இருங்கள். அழுகிய முட்டை என்று சொன்னால் முட்டைக்கு அவமானம். கந்தகம் இருக்கும் இடத்தில் வாசனையை எதிர்பார்க்க முடியாது. முடியைச் சுருளவைக்கும் மருந்திலும், முடி நீக்கும் களிம்பிலும் இருப்பது இதே குடும்பத்துச் சேர்மம்தான். ஆகவே ரப்பர் கையுறை கட்டாயம். காற்றோட்டமான இடம் வேண்டும், கண்ணாடியும் போட்டுக்கொள்வது நல்லது.

முறைக்கு வருகிறேன்.

மலையிறங்கி வந்த கையோடு கழுவ உட்காராதீர்கள். டிஸ்க் அப்போது கொதித்துக்கொண்டிருக்கும். அதன் மேல் குளிர்ந்த தண்ணீரை அடித்தால் டிஸ்க் கோணிக்கொள்ள வாய்ப்பிருக்கிறது. பிறகு பிரேக் மிதிக்கும்போதெல்லாம் காலடியில் நடுக்கம் தெரியும். சூடான சக்கரத்தில் மருந்தும் தெளித்த வேகத்தில் காய்ந்து கறையாகிவிடும். நான் மறுநாள் காலை ஏழு மணிக்குள், வேப்ப மர நிழல் வாசலில் விழும் நேரத்தில் செய்கிறேன். கையை வைத்தால் சக்கரம் குளிர்ச்சியாக இருக்க வேண்டும்.

தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் போர்வெல் தண்ணீர் கடுமையான உப்பு. கழுவுவதற்கு அது போதும், ஆனால் சக்கரத்திலேயே காயவிட்டால் வெள்ளை வெள்ளையாகத் திட்டு விழும். கடைசியாக ஒரு வாளி நல்ல தண்ணீர் எடுத்துவைத்துக்கொள்கிறேன். என் மனைவி இதைப் பார்க்காத நேரமாக இருந்தால் நல்லது.

இரண்டு வாளிகள்: ஒன்றில் கார் ஷாம்பு, மற்றொன்றில் பிரஷை அலசுவதற்கு வெறும் தண்ணீர். சக்கரத்துக்கென்று தனித் துணி, தனி பிரஷ். இவை ஒருபோதும் காரின் உடம்பில் படக் கூடாது. ஒட்டியிருக்கும் இரும்புத் துகள் கதவில் கீறல் போடும். நட்டுகளின் குழிக்கு ஒரு அங்குலப் பெயின்ட் பிரஷ். அதன் தகரப் பட்டையைச் சுற்றி இன்சுலேஷன் டேப் ஒட்டிவிடுங்கள், இல்லையென்றால் அந்தத் தகரமே ரிம்மைச் சுரண்டும். சக்கரத்தின் உட்புறத்துக்குக் கை நுழையாது. பாட்டில் கழுவும் நீளமான பிரஷ் அங்கே நன்றாக உதவுகிறது. துடைப்பதற்குத் திருப்பூர் பனியன் துணி போதும். மைக்ரோஃபைபர் இருந்தால் இன்னும் நல்லது.

ஒரு நேரத்தில் ஒரு சக்கரம் மட்டும். நான்கிலும் மருந்தை அடித்துவிட்டு ஓடி ஓடித் தேய்க்கும் சாமர்த்தியம் வேண்டாம். கடைசிச் சக்கரத்துக்கு வருவதற்குள் அது காய்ந்திருக்கும்.

முதலில் தண்ணீர், மேலிருந்து கீழாக, நல்ல வேகத்தில். டயர், சக்கரத்துக்கு மேலே இருக்கும் மட்கார்டின் உட்பக்கம் எல்லாம் நனையட்டும். காய்ந்த தூளைத் துணியால் துடைப்பதும் கம்ப்ரஸரால் ஊதுவதும் கூடாது. பழைய பிரேக் பேடுகளில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருந்த காலம் உண்டு. இப்போதைய தூளும் நுரையீரலுக்கு உகந்ததல்ல. நனைத்துவிட்டால் பறக்காது.

பிறகு ஷாம்பு. இதைத் தாண்டிவிட்டு நேரே மருந்துக்குப் போகிறவர்கள் பணத்தை வீணாக்குகிறார்கள். மேலே இருக்கும் சேறும் கிரீஸும் விலகினால்தான் மருந்து இரும்பைத் தொடும். டயரையும் கூடவே தேய்த்து, நன்றாக அலசி, வழிகிற தண்ணீரைத் துணியால் ஒற்றி எடுங்கள். சக்கரம் சொட்டச் சொட்ட இருந்தால் மருந்து நீர்த்துப்போகும்.

அடுத்தது மருந்து. என் 15 அங்குலச் சக்கரத்துக்கு ஐம்பதிலிருந்து எழுபது மில்லி வரை ஆகிறது. ஆரங்களின் முகப்பு, பக்கவாட்டு, நட்டுக் குழிகள், ஆரங்களுக்கு இடையே கை விட்டு உட்புறம் என எல்லா இடத்திலும் தெளியுங்கள். டிஸ்க்கைக் குறிபார்த்து அடிக்க வேண்டிய அவசியமில்லை. பட்டுவிட்டால் பின்னால் நன்றாக அலசிவிட்டால் போதும். மூன்று நிமிடங்கள், அதிகம் போனால் ஐந்து. ஊதா வழியும். பார்க்கப் பார்க்க ஆசையாக இருக்கும், இன்னும் கொஞ்ச நேரம் விடலாமே என்று தோன்றும். விடாதீர்கள். ஓரங்களில் காயத் தொடங்குவதற்கு முன்பே மென்மையான பிரஷால் தடவிவிட்டு, தாராளமாகத் தண்ணீர் ஊற்றுங்கள். அழுத்தித் தேய்க்கத் தேவையில்லை. மருந்து கரைத்ததை நகர்த்திவிடுவதுதான் பிரஷின் வேலை.

பல மாதத் துரு என்றால் ஒரு சுற்றில் போகாது. மறுபடி தெளியுங்கள். இரண்டாவது முறை நிறம் வெளிறியிருக்கும், மூன்றாவது முறை நிறமே வராது. நிறம் வரவில்லையென்றால் இரும்பு தீர்ந்துவிட்டது என்று பொருள். அதற்குப் பிறகும் புள்ளி இருந்தால் அது வேறு ஏதோ. அதன் மேல் இன்னும் நாலு முறை அயர்ன் ரிமூவர் அடிப்பது வியாதி மாறிய பிறகும் பழைய மாத்திரையை விழுங்குவதைப் போன்றது.

வேறு ஏதோ என்றால் பெரும்பாலும் தார். புதிதாகச் சாலை போட்ட இடத்தில் ஓட்டியிருப்பீர்கள். கறுப்பாக, பளபளப்பாக, விரலால் தடவினால் புடைப்பாகத் தெரியும். தார் எடுக்கும் திரவமோ, கொஞ்சம் மண்ணெண்ணெயோ துணியில் தொட்டு, அந்தப் புள்ளியில் மட்டும் அரை நிமிடம் அழுத்திப் பிடித்தால் இளகி வரும். உடனே சோப்புத் தண்ணீரில் கழுவிவிட வேண்டும். இங்கே ஒரே ஒரு எச்சரிக்கை, இதைத் தவறவிடாதீர்கள்: எண்ணெய் சார்ந்த எதையும் சக்கரத்தில் தெளிக்காதீர்கள், துணியில் தொட்டு மட்டுமே பயன்படுத்துங்கள். டிஸ்க்கிலோ பேடிலோ எண்ணெய் பட்டால் பிரேக் பிடிக்காது. வால்பாறை சாலையில் அதைச் சோதித்துப் பார்க்க முடியாது.

அதற்கும் மிஞ்சி நகம் பட்டால் சொரசொரப்பாகத் தெரியும் இடங்களுக்குக் கிளே பார் என்னும் களிமண் போன்ற பொருள் இருக்கிறது. சோப்புத் தண்ணீரை விட்டு, அழுத்தாமல் வழுக்கித் தேய்த்தால் துகளைப் பிடுங்கிக்கொண்டு வரும். சக்கரத்துக்குப் பயன்படுத்திய களிமண்ணைக் காரின் உடம்புக்குப் பயன்படுத்தக் கூடாது என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை என்று நினைக்கிறேன். பிளேடால் சுரண்டுவது வேண்டவே வேண்டாம்.

முகப்பு மட்டும் கண்ணாடி போல மின்னும் டைமண்ட் கட் சக்கரங்கள் உங்களிடம் இருந்தால் கூடுதல் கவனம் தேவை. கடைந்தெடுத்த அலுமினியத்தின் மேல் நிறம் இல்லாத பூச்சு மட்டும்தான் இருக்கிறது. ஓரத்தில் ஒரு கீறல் விழுந்து ஈரம் உள்ளே போனால், பூச்சுக்கு அடியில் வெள்ளைப் புழு ஊர்ந்தது போல அரிப்புக் கோடுகள் ஓடும். அது தூசி அல்ல, எந்த மருந்துக்கும் போகாது. பூச்சை எடுத்துவிட்டு மறுபடி செய்தாக வேண்டும். பூச்சே இல்லாத பாலிஷ் அலுமினியம் என்றால் முதலில் உட்புறத்தில் ஒரு ஓரத்தில் தெளித்து, அலசிப் பார்த்துவிட்டுத் தொடருங்கள். பிளாஸ்டிக் வீல் கப் போட்ட இரும்புச் சக்கரக்காரர்கள் பாக்கியவான்கள். கப்பைக் கழற்றி, வாளியில் ஊறவைத்துக் கழுவினால் போயிற்று. ஆனால் பெயின்ட் பெயர்ந்த இரும்பு ரிம்மில் அயர்ன் ரிமூவரை அடிக்காதீர்கள். அது ரிம்மையும் இரும்பாகத்தானே பார்க்கும்.

கழுவிய தண்ணீர் சாக்கடைக்குப் போகட்டும். எங்கள் ஊரில் வாசலில் ஊற்றும் எந்தத் தண்ணீரையும் தென்னைக்குப் பாத்தி வெட்டிவிடும் பழக்கம் உண்டு. இதை விடாதீர்கள்.

தென்னை என்றதும் ஞாபகம் வருகிறது: சக்கரம் மினுமினுக்கத் தேங்காய் எண்ணெய் தடவும் கூட்டம் ஒன்று பொள்ளாச்சியில் இருக்கிறது. டீசல் தடவுகிறவர்களும் இருக்கிறார்கள். ஒரு மணி நேரம் அழகாக இருக்கும். பிறகு அந்த எண்ணெய்ப் பசையில் அடுத்த பயணத்தின் தூள் முழுவதும் வந்து ஒட்டிக்கொள்ளும். டிஸ்க்குக்கு எண்ணெய் போனால் என்ன ஆகும் என்பதை மேலேயே சொல்லிவிட்டேன்.

அதற்குப் பதிலாக, நன்றாகத் துடைத்துக் காயவைத்த சக்கரத்தில் மெழுகு போடுங்கள். கார் உடம்புக்குப் போடும் மெழுகு மலைப்பாதைச் சூட்டுக்கு அதிக நாள் தாங்காது. சக்கரத்துக்கென்று விற்கும் சீலன்ட் தாங்குகிறது. மெல்லிய படலமாகத் தடவி, அரை மணி நேரம் விட்டுத் துடைத்தால் போதும். நான் மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடுகிறேன். போட்ட சக்கரத்தில் துகள் உட்காரும், ஆனால் கவ்வாது. மலையிறங்கி வந்த மறுநாள் வெறும் ஷாம்புவிலேயே முக்கால்வாசி போய்விடுகிறது. அயர்ன் ரிமூவர் வருடத்தில் மூன்று நான்கு முறைதான் தேவைப்படுகிறது. அந்த பாட்டிலின் விலைக்கு இது நல்ல செய்தி.

கழுவி முடித்ததும் காரை அப்படியே ஹேண்ட்பிரேக் இழுத்து நிறுத்திவிட்டுப் போகாதீர்கள். டிரம்முக்குள் ஈரம் இருந்தால், அதை உரசி நிறுத்தும் பிரேக் ஷூ இரவோடு இரவாக அதில் ஒட்டிக்கொள்வதுண்டு. தெருவை ஒரு சுற்றுச் சுற்றி, மெதுவாக நாலைந்து முறை பிரேக் பிடித்து ஈரத்தை உலர்த்திவிட்டு நிறுத்துங்கள். மறுநாள் காலை டிஸ்க்கின் மேல் ஆரஞ்சு நிறத்தில் லேசான துரு தெரிந்தால் பதற வேண்டாம். வார்ப்பிரும்பு அப்படித்தான்; முதல் இரண்டு மிதியிலேயே போய்விடும்.

தூளைக் குறைக்க வேண்டுமானால் கழுவும் இடத்தில் முடியாது, ஓட்டும் இடத்தில்தான் முடியும். எந்த கியரில் ஏறுகிறோமோ அதே கியரில் இறங்க வேண்டும் என்பது மலைக்காரர்களின் பழைய பாடம். நான் இரண்டாவது கியரில் எஞ்சினையே பிடித்துக்கொள்ள விட்டு, வளைவுக்குச் சற்று முன்னால் மட்டும் பிரேக்கைத் தொடுகிறேன். இறக்கம் முழுக்கக் காலைப் பிரேக்கிலேயே வைத்திருக்கிறவர்களின் சக்கரம்தான் அதிகம் கறுக்கும். சூடேறிப் பிரேக் பிடிப்பை இழக்கும் ஆபத்தும் அவர்களுக்குத்தான். பேடு மாற்றும் நேரம் வந்தால் செராமிக் வகை உங்கள் காருக்குக் கிடைக்கிறதா என்று கேளுங்கள். அதன் தூள் குறைவு, நிறமும் வெளிர்.

கையால் கழுவுவதில் இன்னொரு லாபம் எனக்குச் சென்ற ஐப்பசியில் தெரிந்தது. மருந்து தெளித்தபோது வலது முன்சக்கரத்தில் ஊதா வழக்கம் போல வழிந்தது. இடதில் அதைவிட இரண்டு மடங்கு. முதலில் என் அமில லீலையின் பலன் என்று நினைத்தேன். சொரசொரப்பான இடத்தில் தூள் அதிகம் ஒட்டும் அல்லவா? அடுத்த பயணத்திலும் அப்படியே இருந்ததும் சந்தேகம் வந்தது. ஆழியாறு சோதனைச் சாவடிக்குக் கீழே ஓரமாக நிறுத்தி இறங்கி, இரண்டு சக்கரங்களின் அருகிலும் புறங்கையைக் கொண்டுபோனேன், தொடாமல். இடது பக்கம் அடுப்பருகே கை நீட்டிய மாதிரி அனல் அடித்தது.

மெக்கானிக் கழற்றிப் பார்த்தார். பேடுகளை அழுத்தும் காலிப்பர் நகர்வதற்கான இரும்புத் தண்டான பின்னில் கிரீஸ் வற்றி, துருவேறி இறுகியிருந்தது. பிரேக்கிலிருந்து காலை எடுத்த பிறகும் பேடு டிஸ்க்கை விடாமல் உரசிக்கொண்டே வந்திருக்கிறது. உள்பக்கப் பேடு ஒரு மில்லிமீட்டருக்கு வந்துவிட்டது, வெளிப்பக்கப் பேடில் பாதிக்குமேல் மிச்சம். பின்னைச் சுத்தம் செய்து, சூடு தாங்கும் கிரீஸ் வைத்து, முன்பேடுகள் நான்கையும் மாற்றிக் கொடுத்தார்.

அதன் பிறகு தீபாவளிக்குத் தங்கை வீட்டுக்குப் போய்வந்தேன். மறுநாள் காலை வாளியோடு வெளியே வந்தபோது இரண்டு முன்சக்கரங்களும் ஒரே அளவுக்குக் கறுத்திருந்தன.